ஞானஸ்நானத் தொப்பியும் கடல் முடிச்சும்

பொறாமை கெட்ட குணம் என்று கோயிலில் வருடாவருடம் பிரசங்கம் கேட்கிறேன். கேட்டுக்கொண்டே, முன் வாங்கு வரிசையில் இருப்பவள் அந்தச் சேலையை எங்கே வாங்கியிருப்பாள் என்றும் யோசிப்பேன். இப்படிப்பட்டவளிடம் பின்னல் ஊசி தெரிவுசெய்யும் வேலையை யாரும் கொடுத்திருக்கக் கூடாது. (யாரும் கொடுக்கவில்லை. நானாகத்தான் தலையில் போட்டுக்கொண்டேன்.)

முல்லைத்தீவில் என் தம்பிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. அதற்கு நான் ஒரே மாமி. ஞானத்தாயாக என்னைத்தான் கேட்பார்கள் என்று நம்பி, சேலைக்குச் சட்டைகூடத் தைக்கக் கொடுத்துவிட்டேன். ஆனால் கேட்டது தம்பி மனைவி நிரோஷாவின் அக்கா ஸ்டெல்லாவை. அவள் "ஓம்" என்றதோடு நிற்காமல், பிள்ளைக்கு வெள்ளை நூலில் ஒரு தொப்பியும் பின்னத் தொடங்கிவிட்டாள். அதுவும் கனடாவிலிருந்து வந்த மூங்கில் ஊசியில். எங்களுக்கு அடுத்த வீடுதான் அவளுடையது. விறாந்தையில் இருந்து சத்தமில்லாமல் பின்னுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"நானும் ஒரு தொப்பி பின்னுறன்," என்றேன்.

நிரோஷா பாவம். "பின்னுங்கோ மச்சாள். எது வடிவோ அதைக் கோயிலுக்குப் போடுவம்," என்றாள்.

ஞானத்தாய்ப் பதவி போனால் போகட்டும், ஞானஸ்நானத்தன்று பிள்ளையின் தலையில் என் தொப்பிதான் இருக்கும் என்று முடிவெடுத்தேன். எனக்குப் பின்னத் தெரியுமா என்று கேட்காதீர்கள். ஃபோனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். கிழிந்த மீன்வலை பொத்துகிற வீட்டில் பிறந்தவளுக்கு ஊசியும் நூலும் பெரிய விஷயமா என்ன?

வவுனியாவுக்கு பஸ் ஏறினேன். கடைப்பெண் பொறுமையாக ஊசிகளைப் பரப்பினாள்.

"புதுசாப் பழகிறீங்கள் எண்டால் மூங்கிலை எடுங்கோ அக்கா. நூல் வழுக்காது."

மூங்கிலா? ஸ்டெல்லாவைப் பார்த்து வாங்கினேன் என்று ஊர் சொல்லாதா? "வேற காட்டுங்கோ."

"இது பிளாஸ்டிக். பாரமில்லை."

பிளாஸ்டிக்கைக் கண்டால் ஸ்டெல்லா சிரிப்பாள். சிரிக்காவிட்டாலும், சிரிப்பாள் என்று நான் நினைப்பேன்.

"அப்ப இந்த வட்ட ஊசி. தொப்பிக்கு இதுதான் நல்லம். சுத்திச் சுத்திப் பின்னலாம்."

இரண்டு ஊசிகளுக்கு நடுவே ஒரு வயர் ஓடியது. "இது கறண்டில வேலை செய்யுமோ?" என்று கேட்டேன். அவள் சிரிப்பை அடக்கப் பாடுபட்டாள். அத்தோடு அதுவும் வேண்டாமென்று போயிற்று.

அப்போதுதான் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்கிய அலுமினிய ஊசிகளைக் கண்டேன். கம்பி போல மெல்லியவை.

"அது நல்லா வழுக்கும் அக்கா. மெல்லிசு வேற, பின்னல் இறுகிப் போம்."

அவள் சொன்னது காதில் ஏறவில்லை. அந்த மினுக்கத்துக்கு முன்னால் ஸ்டெல்லாவின் மூங்கில் விறகு. வாங்கிவிட்டேன்.

வழுக்கியது. ஒரு வரி முடியுமுன் பாதிக் கண்ணிகள் கழன்று ஓடின. ஊசி சீமெந்து நிலத்தில் விழுந்து 'கிளிங்' என்று அடுத்த வீட்டுக்கும் செய்தி சொன்னது. அங்கே ஸ்டெல்லாவின் தொப்பி வளர்ந்துகொண்டே போனது. அழுகை வந்தது, பிறகு ஒரு யோசனை வந்தது. வலையில் கண்ணி கழன்று யாராவது கண்டிருக்கிறார்களா? ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வலை முடிச்சாகப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை.

மீன்பிடித்துவிட்டுக் கடலால் வந்த என் மனுசன் தொப்பியைத் தடவிப் பார்த்தார். "வலைக்குக் கட்டிற மாதிரி இதுக்கு எப்ப ஈயக்குண்டு கட்டப்போறாய்?" என்றார்.

ஞானஸ்நானத்தன்று காலை இரண்டு தொப்பிகளும் மேசையில் இருந்தன. நிரோஷா என் முகத்தைப் பார்த்து முழித்தாள். ஸ்டெல்லாதான் வாய் திறந்தாள். "மச்சாளின்ரயைப் போடுவம். எவ்வளவு பாடுபட்டிருக்கிறா."

வென்றுவிட்டேன். ஆனாலும் இந்தப் பெருந்தன்மை எனக்கு வராமல் இவளுக்கு மட்டும் எப்படி வருகிறது என்று, அதற்கும் பொறாமைப்பட்டேன். பெருவிரலால் அழுத்தி அழுத்தித் தொப்பியைப் பிள்ளையின் தலையில் ஏற்றினேன்.

கோயிலில் தண்ணீர் ஊற்றும் நேரம் ஃபாதர் சொன்னார்: "தொப்பியைக் கழட்டுங்கோ."

ஸ்டெல்லா மெதுவாக இழுத்தாள். நிரோஷா கொஞ்சம் பலமாக இழுத்தாள். நான் இழுத்தபோது பிள்ளையும் சேர்ந்து வந்தது. அது வீரிட்ட சத்தத்தில் பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. பின்னாலிருந்து என் மனுசன் எழும்பி வந்து, தொப்பியின் ஓரத்தைத் தடவினார்.

"ஃபாதர், இது கழட்டிற சாமான் இல்லை, வெட்டிற சாமான். எங்கட கடல் முடிச்சு. திருக்கை மீன் மாட்டினாலும் அவிழாது."

மெழுகுதிரித் திரி நறுக்கும் கத்திரிக்கோல் வந்தது. ஃபாதர் தலையைப் பிடிக்க, இவர் வெட்டினார். ஞானஸ்நானம் முடிந்ததும் ஸ்டெல்லா கைப்பையிலிருந்து தன் தொப்பியை எடுத்துப் போட்டுவிட்டாள். (கொண்டுவந்திருக்கிறாள், பாருங்கள்!) தம்பி வீட்டு மண்டபத்தில் தொங்கும் படத்தில் பிள்ளை அந்தத் தொப்பியோடுதான் இருக்கிறாள். உற்றுப் பார்த்தால் நெற்றியில் என் வலைக்கண் அடையாளம் வரிவரியாகத் தெரியும்.

அவள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கதை முழுவதும் தெரியும். நான் கட்டிப்பிடித்தால் போதும், வீடு அதிரக் கத்துவாள்: "மாமா! கத்திரிக்கோலோட ஓடி வாங்கோ, மாமி என்னை மாட்டிப்போட்டா!" பிறகு விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இன்னொருக்கால் பிடிக்கச் சொல்லி என்னிடமே ஓடி வருவாள்.

ஸ்டெல்லா கட்டிப்பிடித்தால் பிள்ளை மரியாதையாக, சும்மா நிற்பாள். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் கத்திக் கும்மாளமடித்தபோது, கதிரையில் இருந்த ஸ்டெல்லாவின் முகத்தைக் கவனித்தேன். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை வருடம் அதை நான் வைத்திருந்தேன்!