கட்டைவிரலுக்கு அடியில் ஒரு டிஸ்க்

சட்டைப் பையிலிருந்து அந்த ஆஸ்பத்திரி அட்டையை எடுக்க அவருக்கு இரண்டு விரல்கள் போதும். உறையின் மேல் ஒரு முறை ஊதுவார், சட்டை நுனியால் துடைப்பார், மேல் இடது மூலையில் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு உங்கள் மூக்குக்கு நேராக நீட்டுவார். கொடுக்க மாட்டார். நீட்டுவார்.

டிஸ்க்காரர் என்ற இனம் இதுதான். பினாங்கில் ஆஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில், இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளில் காலைக் காப்பி வேளையில் போய்ப் பாருங்கள், மேசைக்கு ஒருவர் கிடைப்பார். நம்முடையவர் பெயர் மரிஹோத் மனுருங். அந்த விடுதியில் வயதுக்கோ பணத்துக்கோ மரியாதை கிடையாது. மாத்திரையோடு காலம் தள்ளுகிறவர்களுக்குக் கழிவறைப் பக்கத்து மேசை. ஊசி வரை போனவர்களுக்கு நடு மேசை. முதுகெலும்பில் பிய்ந்துபோன டிஸ்க்குக்கு முட்டுக்கொடுக்க முதுகுக்குள் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டவருக்கு மட்டும் மின்விசிறிக்கு நேர் கீழே. அங்கேதான் மரிஹோத் உட்காருவார். உட்காருவாரா? இறங்குவார். நாற்காலியின் முதுகைத் தட்டிப் பார்த்து, சுருட்டிய துண்டை இடுப்புக்குக் கொடுத்து, கண்ணை மூடி, கப்பல் கரை சேர்வதுபோல.

"நம்ம டிஸ்க் இருக்கே, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல" என்று தொடங்கினால் காப்பி ஆறி, அடுத்த காப்பியும் ஆறும். எதிரே அவர் மனைவி ரோமாவ்லி அளவுகோலை விழுங்கியவள்போல நிமிர்ந்திருந்து ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருப்பாள். கரண்டி கீழே விழுந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மட்டும் மடக்கி, லிஃப்ட் இறங்குவதுபோல நேராக இறங்கி எடுப்பாள். எவ்வளவு கம்பீரமான பெண்மணி என்று அன்று காலை பக்கத்து மேசையிலிருந்து பார்த்த பின்சார் நினைத்துக்கொண்டான்.

பின்சாருக்கு மேடான் பக்கம் சியந்தாரில் டயர் கடை. எட்டு மாதமாகக் குனிய முடியவில்லை. குனியாமல் பங்ச்சர் ஒட்டும் வித்தையை உலகம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இம்ப்ளான்ட் வைக்கலாம், இல்லையென்றால் வேறு தொழில் பார்த்துக்கொள், மதியம் இரண்டு மணிக்குள் சொல் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மணி பத்தரை. கூச்சக்காரனான பின்சார் மூன்று முறை காப்பியைக் கலக்கினான், சர்க்கரையே போடாமல்.

"மாமா... ஒண்ணு கேக்கணும்."

"கேளு மாப்ளே. இம்ப்ளான்ட்தானே? டயருக்கு உள்ளேர்ந்து ஒட்டுப் போடுறேல்ல, அதேதான்."

"அதான் மாமா பயமே. ஒட்டுப் போட்ட டயர எத்தனை நாளு நம்பலாம்னு எனக்குத் தெரியும்ல?"

நடு மேசை சிரித்தது. மரிஹோத்துக்குச் சுருக்கென்றது. எழுந்தார். வாசலில் தண்ணீர்க்காரன் வைத்துவிட்டுப் போன பெரிய கேனை அணைத்தார். "ஐயோ, நீங்க எதுக்கு?" என்று ரோமாவ்லி வாயெடுப்பதற்குள் அதைத் தோளுக்கு ஏற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் குடிநீர் இயந்திரத்தின் தலையில் கவிழ்த்துவிட்டார்.

விடுதி வாயைப் பிளந்தது.

"பாத்தியா? நம்ம ஆபரேஷன் நடந்து நாலு வருஷமாச்சு. ஒட்டு எப்படி நிக்குது?"

"அப்புறம்..." பின்சார் குரலைத் தாழ்த்தினான். "வலிச்சுதா மாமா?"

"எனக்கா? துளி வலி இல்ல."

ரோமாவ்லிக்கு ரொட்டி புரையேறியது.

இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்சார் கையெழுத்துப் போட்டான். மயக்கம் தெளிந்ததும் அவன் மரிஹோத்தின் வம்சத்தைப் பெயர் சொல்லி வாழ்த்திய வாழ்த்து மூன்றாம் மாடி வரை கேட்டதாம். வலி ஒன்பது நாள். பத்தாம் நாள் செருப்பு மாட்டக் குனிந்தான். குனிய முடிந்தது. அழுதான், கோபமும் கொஞ்சம் போனது.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்து திரும்பும்போது, விமான நிலையச் சோதனை வரிசையில் அவனுக்கு முன்னால் அந்தத் தம்பதி. மரிஹோத் நெஞ்சை நிமிர்த்தி உலோகச் சோதனை வாசலுக்குள் நுழைந்தார். கருவி ஊமையாக இருந்தது. பின்னால் ரோமாவ்லி நுழைந்தாள். கருவி வீறிட்டது. காவல்காரி அவள் இடுப்பைச் சோதனைக் கம்பியால் தடவி, "இம்ப்ளான்ட் அட்டை இருக்கா?" என்றாள்.

மரிஹோத் அட்டையை எடுத்தார். ஊதவில்லை, துடைக்கவில்லை. காவல்காரி பிடுங்கியதில் கட்டைவிரல் நகர்ந்தது. மேல் இடது மூலையில் இருந்த பெயர்: ரோமாவ்லி போரு சினாகா. இவர்களுடைய பத்தாக் இனத்தில் 'போரு' என்பது பெண்ணின் பெயரில்தான் வரும்.

"துளி வலி இல்லன்னீங்களே மாமா?"

"எனக்கு இல்லதானே மாப்ளே," என்றார் மரிஹோத், கண் இமைக்காமல்.

யோசித்துப் பாருங்கள், மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. 'நம்ம டிஸ்க்' என்றார், 'நம்ம ஆபரேஷன்' என்றார். 'எனக்கு' என்ற சொல்லை அன்று ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் சத்தியமாக. சிரிக்காதீர்கள். "எங்களுக்கு சுகப்பிரசவம்" என்று அலுவலகத்தில் லட்டு நீட்டியது யார்? மகள் இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பரீட்சையில் "நாங்க மாவட்டத்துலயே ரெண்டாவது" என்றது யார்? உங்கள் பையிலும் ஓர் அட்டை இருக்கிறது. கட்டைவிரலைக் கொஞ்சம் நகர்த்துங்கள்.

விமானம் ஏறக் காத்திருந்தபோது, மரிஹோத் கழிவறைக்குப் போன இடைவெளியில், ரோமாவ்லிதான் பின்சாரிடம் சொன்னாள். அந்தத் தண்ணீர்க் கேனைத் தூக்கிய அன்று சாயங்காலமே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாம். பின்சார் ஆஸ்பத்திரியில் கத்திக்கொண்டிருந்த முதல் இரண்டு நாளும் இவர் விடுதிக் கட்டிலில் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாராம், "வெளியே யார்கிட்டயும் சொல்லிடாதடி" என்று.

தைலம் தேய்த்தது அவள். குனியாமல்.