நான் கீழே அழுத்தினேன், அவன் மேலே அலறினான்

வீட்டுக்காரனாக இருந்து பழகியவனை வாடகைக்கு இடம் பார்க்கக் கூட்டிப்போகக் கூடாது. இதை என் மனைவி அன்றே சொன்னாள். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மகள் நிலானிக்கு எட்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும். முன்பின் தெரியாத ஓர் இளைஞனின் முதுகும் தப்பியிருக்கும்.

புலம்பெயர்ந்து வந்த ஸ்காபரோவில், நகரின் ஓரத்தில், எங்களுக்குச் சொந்த வீடு. அதன் பேஸ்மென்ட்டைப் பதினைந்து வருடமாக வாடகைக்கு விடுகிறேன். குடிவர விரும்புகிறவர்களைச் சோபாவில் இருத்திவிட்டு, நான் எதிரே கதிரையில் இருந்து கேள்வி கேட்பேன். எந்த ஊர், என்ன வேலை, மீன் எத்தனை மணிக்குப் பொரிப்பீர்கள். ஒருமுறை புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி ஒன்றிடம், சத்தமாகச் சிரிக்கிற பழக்கம் உண்டா என்றுகூடக் கேட்டிருக்கிறேன். (மேலே கேட்கும் அல்லவா?) ஊரில் பௌதிகம் படிப்பித்தவன் நான். எதிரில் யாராவது இருந்தால் கேள்வி தானாக வரும்.

நிலானிக்கு நகரின் நடுவில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பஸ், சப்வே, ஸ்ட்ரீட்கார் என்று மாறி மாறிப் போய்வர மூன்றரை மணித்தியாலம். எனவே நடந்துபோகும் தூரத்தில் ஓர் அறை தேடினாள். அந்தப் பகுதி முழுவதும் இளம் ஆட்கள், எல்லாரும் வாடகைக்காரர். நாலு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பார்கள். ஒருவர் போய்விட்டால் மிச்சப் பேர் புது ஆட்களைக் கூப்பிட்டு, பேசிப் பார்த்து, தங்களுக்குப் பிடித்தவரைச் சேர்த்துக்கொள்வார்கள். நிலானி பத்து வீடு ஏறி இறங்கிவிட்டாள். பத்திலும் வேறு யாரோ எடுபட்டார்கள். பதினோராவது வீட்டில் மட்டும் இரண்டாம் தரம் வரச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா, காரில இறக்கிவிட்டாக் காணும். நீங்கள் உள்ள வரத் தேவையில்லை."

"வீடு பாக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும் பிள்ளை."

"நாங்கள் வீடு பாக்கப் போகேல்லை அப்பா. அவையள்தான் என்னைப் பாக்கப் போகினம்."

இந்தக் கடைசி வசனம் எனக்குக் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

"இஞ்சாருங்கோ, போனாலும் அங்க வாயைத் திறவாதேங்கோ," என்றாள் மனைவி. (குழாயைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.)

ஒடுங்கிய செங்கல் வீடு. வாசலில் ஆறு சைக்கிள்கள். ஒன்றுக்குச் சில்லு இல்லை. நான் கோட்டும் டையுமாக, பையில் அளவுநாடாவுடன் உள்ளே போனேன். ஜெரோம் என்ற எங்கள் ஆள் ஒருவனும், மடியில் பூனையோடு மெக் என்ற வெள்ளைக்காரப் பிள்ளையும் இருந்தார்கள். மூன்றாவது ஆள் கொனர். வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில், முடிவும் அவன் கையில். மேலே குளிக்கிறான், வந்துவிடுவான் என்றார்கள்.

நிலானியும் அவர்கள் இருவரும் சோபாவில் இருக்க, நான் எதிரே கிடந்த கதிரையில் இருந்தேன். பழக்கதோஷம்.

"தம்பி எந்த ஊர்?"

"ஸ்காபரோ, அங்கிள்."

"அது சரி. அப்பா எந்த இடம்?"

"அப்பா பிக்கரிங்."

"அதுக்கு முதல்?"

"அதுக்கு முதல் வோபர்ன்."

"அதுக்கும் முதல்?"

"ஓ, அதுவா? மன்னார், அங்கிள். பட் நான் போனதில்லை."

"அப்பா," என்று நிலானி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

நான் மெக்கின் பக்கம் திரும்பி, இரண்டு ஆண்பிள்ளைகளோடு ஒரே வீட்டில் இருப்பது அம்மாவுக்குத் தெரியுமா என்று ஆங்கிலத்தில் விசாரித்தேன். அம்மாதான் கட்டிலைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டித் தந்ததாக அவள் சொன்னாள். அந்தத் தாயைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டானது. நல்லவேளை, அதைச் சொல்லுமுன் சோதனை ஞாபகம் வந்தது.

எங்கள் ஆட்கள் வீடு வாங்கும்போது கட்டாயம் செய்கிற சோதனை அது. எல்லாக் குழாயையும் ஒன்றாகத் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்ப்பது. கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி எழும்பினேன். அது கீழேயே, குசினிக்குப் பக்கத்தில் இருந்தது. குசினிக் குழாயை முழுதாகத் திறந்தேன். கைகழுவும் குழாயைத் திறந்தேன். கொமட்டின் பிடியை அழுத்தினேன்.

மேலே ஒரு சத்தம் கேட்டது. இளம் ஆட்கள் இருக்கிற இடம், யாரோ பாட்டுப் போடுகிறார்கள் என்று நினைத்தேன்.

எந்தச் சோதனையையும் மூன்று தரம் செய்து சராசரி எடுக்க வேண்டும். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து மறுபடி அழுத்தினேன். பாட்டு மறுபடி கேட்டது. மூன்றாம் தரம் அழுத்தியபோது பாட்டில் சொற்களும் இருந்தன. அவற்றை இங்கே எழுத முடியாது.

பழைய வீடு. கீழே குளிர்தண்ணீர் முழுவதையும் நான் இழுத்தால், மேலே நிற்பவனுக்குக் கொதிதண்ணீர்தான் மிஞ்சும். இது பௌதிகம். தலை நிறைய நுரையோடு நிற்பவன், சுட்டாலும் திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீருக்குள்தான் போவான். இது பௌதிகத்தில் இல்லை. ஆனால் யோசித்தால் விளங்கும்.

கொனர் இடுப்பில் துவாயோடு இறங்கி வந்தான். தோள் இரண்டும் அவித்த நண்டு மாதிரி. அந்த நேரத்தில் நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, "உங்கள் குழாய் போதாது, வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றுங்கள்" என்று ஆலோசனை சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. நிலானியைப் பார்த்து, மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் கேட்டான்:

"இவரும் உங்களோடு குடிவருகிறாரா?"

காரில் ஏறி நிலானி பெல்ட்டைப் பூட்டினாள். பிறகு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "பத்து வீட்டிலையும் நானாத்தான் தோத்தனான் அப்பா. இது எனக்குக் கிடைச்சிருக்கும்."

வீடு போய்ச் சேருமுன்பே அவளுடைய போனுக்குச் செய்தி வந்துவிட்டது. மூன்று வரி. முதல் வரியில் நன்றி.

அதன்பிறகு எட்டு மாதம் அவள் இருட்டோடு எழும்பிப் போனாள். ஒருநாள் மாலை பஸ் தரிப்பில் அவளை ஏற்றப் போனேன். ஜன்னலில் தலை சாய்த்து நித்திரையாய் இருந்தவள், இறங்க வேண்டிய இடம் தெரியாமலே என்னைக் கடந்து போனாள். பஸ்ஸின் பின்னால் காரில் போய் அடுத்த தரிப்பில் எழுப்பிக் கூட்டிவந்தேன். மன்னிப்புக் கேட்க அன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. கேள்வி கேட்க மட்டும் பழகிய வாய் அது. அவளுக்கு வேறிடத்தில் அறை கிடைத்து, பெட்டியைக் காரில் ஏற்றிய அன்றுதான் கேட்டேன். "சரி அப்பா, விடுங்கோ," என்றாள். தன் புது அறைக்கு மட்டும் மூன்று மாதம் என்னைக் கூப்பிடவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. அதே பகுதியில் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். மருமகன் மரியாதையான பிள்ளை. சனி ஞாயிறில் எங்கள் வீட்டில் வந்து தங்கினால், குளிக்கப் போகுமுன் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு மேல்படியில் நின்று கேட்பார்:

"மாமி, மாமா எங்க நிக்கிறார்?"

"உந்தா, என்ரை கண்ணுக்கு முன்னால கதிரையில இருக்கிறார். நீர் பயமில்லாமல் குளியும்," என்பாள் மனைவி.

நிலானி சிரிப்பாள். அதற்குப் பிறகுதான் மேலே தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்கும். அது நிற்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை.