என் தொடைக்குப் போன பன்றி ஊசி

படித்தவன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அறுபதுகளில் செஞ்சிக்குக் கால்நடை டாக்டராக வந்து இறங்கிய என்னைப் பார்த்திருக்க வேண்டும். கல்லூரியில் பன்றிக் காய்ச்சலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன். உயிருள்ள பன்றியைத் தொட்டதில்லை. (தேர்வில் அதைக் கேட்கவில்லை.)

சேர்ந்த இரண்டாம் வாரமே, செஞ்சியை அடுத்த வல்லம் பக்கம் பன்றிகள் கொத்துக் கொத்தாகச் சாவதாகச் செய்தி வந்தது. காய்ச்சல் கண்ட பிறகு மருந்து கிடையாது. அதற்கு முன்பே தடுப்பூசி போட்டால்தான் உண்டு. ஐஸ் நிரப்பிய பிளாஸ்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் மருந்தைக் கொண்டுவந்தேன்.

கோட்டை அகழிக்கரையில் ஏழெட்டுக் குடும்பங்கள் பன்றி வளர்த்தன. முனியம்மா சொல்வதுதான் அங்கே சட்டம். கணவர் இல்லை; மூன்று பெண்களைப் பன்றிகளை நம்பியே வளர்த்தவர்.

"நல்லா கீற பன்னிக்கு இன்னாத்துக்கு சார் ஊசி? போட்டு செத்துப்போச்சுன்னா என் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?"

நியாயமான கேள்வி. நான் தேர்வில் எழுதியது முழுவதையும் ஒப்பித்தேன். அவர் கொட்டாவி விட்டார். கடைசியில் ஒரு தாய்ப் பன்றியைக் காட்டி, "சரி, இது ஒண்ணுத்துக்குப் போடு, பாக்கலாம். இரு, கயிறு போட்டுப் புடிச்சுத் தரேன்" என்றார்.

"வேணாம்மா. எங்களுக்கு ட்ரெயினிங் இருக்கு" என்றேன்.

வலது கையில் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு, இடது கையால் அதன் பின்னங்காலைப் பிடித்தேன். அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. பன்றி ஓடியது, நானும் கூடவே போனேன். (காலை விட்டுவிடலாம் என்று தோன்றவே இல்லை.) அகழிச் சேற்றில் விழுந்து எழுந்தபோது பன்றியைக் காணோம். ஊசி என் தொடையில் குத்தி நின்றது. உள்ளே ஒரு சொட்டு மருந்து மிச்சமில்லை.

கரையே சிரித்தது. முனியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னைத் தூக்கி உட்காரவைத்து, ஊசியைப் பிடுங்கி, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

இந்தக் காய்ச்சல் மனிதருக்கு வராது என்று பரீட்சைத்தாளில் எழுதியவன் நான்தான். (இப்போது மனிதருக்கு வருகிற பன்றிக் காய்ச்சல் வேறு.) ஆனால் மருந்து தொடையில் ஏறிய பிறகு அதை நம்பத் தைரியம் வரவில்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று அவரிடமே கேட்டேன்.

"நீதான சார் டாக்டரு?" என்றவர், கொஞ்சம் யோசித்தார். "என் பன்னிக்கும் இதே மருந்துதான? நாளைக்கு நல்லபடியா வந்து நில்லு. எல்லாத்துக்கும் போட்டுக்கலாம்."

தண்ணீர் கலக்காமல் தூளாகவே மீதமிருந்த மருந்துப் புட்டிகளுக்கு சர்பத் கடையில் ஐஸ் வாங்கிப் போட்டேன். சாயங்காலம் முழுக்க வாயில் தெர்மாமீட்டரை வைத்து வைத்துப் பார்த்தேன். (கையிலிருந்தது கால்நடைத் தெர்மாமீட்டர். அதை வழக்கமாக எங்கே வைப்போம் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.)

காலையில் நொண்டிக்கொண்டே போனேன். முனியம்மா என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடு இல்ல. கயித்தக் கொண்டாங்க!"

அவர்கள் பிடித்தார்கள், நான் போட்டேன். ஏழெட்டுக் குடும்பத்திலும் அகப்பட்ட பன்றிகளுக்கெல்லாம் மதியத்துக்குள் ஊசி போட்டாகிவிட்டது.

அந்த மாதக் கடைசியில் காய்ச்சல் செஞ்சிக்கும் வந்தது. அகழிக்கரையில் ஒன்றே ஒன்றுதான் செத்தது. என்னிடமிருந்து ஓடிப்போய், ஊசிக்கு அகப்படாமலே திரிந்த அந்தத் தாய்ப் பன்றி. அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முனியம்மா, "அன்னிக்கே கயிறு போட்டிருக்கணும் சார்" என்றார். 'நீ' என்று சொல்லாமல், தன்னையும் சேர்த்துக்கொண்டுதான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

மறு வருடம் என் கல்யாணத்துக்கு வந்தவர், அத்தனை பேர் முன்னாலும் என் மனைவியின் கன்னத்தைத் தடவி, "பயப்படாத கண்ணு. உங்க வூட்டுக்காரருக்கு ஊசி போட்டாச்சு" என்றார். அதற்கு அர்த்தம் என்னவென்று அவள் கேட்க, மணமேடையிலேயே முழுக் கதையும் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்கு உடம்பு சுட்டால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. கூடத்திலிருந்து பேத்தி எட்டிப் பார்த்து, "எந்தக் காய்ச்சலா இருந்தாலும் ஒண்ணு மட்டும் இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.