பதினோரு ‘யுவர்’

இங்கிலீஷ் கடிதத்தில் ‘அவர் வைஃப்’ (our wife) என்று இருந்த இடத்தைச் சுற்றித் தேயிலைத் தோட்டத்துத் துரை சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: யாருடைய?

தம்பையா அந்தத் தோட்டத்து ஆபீஸில் சின்னக் கிளாக்கர். சேர்ந்து ஆறு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, வீடும் இல்லை. அம்மா, இரண்டு தங்கைகள், ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி பாக்கியலெட்சுமி எல்லோரும் தொழிலாளர் வரிசை வீடுகளில், பதினாலாம் நம்பர் லயத்தில், ஒரே அறைக் காம்பராவில்தான். மழை வந்தால் பாய்க்கும் இடமில்லை.

ஸ்டோர் உத்தியோகத்தர் வெலிமடைப் பக்கம் மாற்றலாகிப் போனதில் ஒரு குவாட்டர்ஸ் காலியானது. வெள்ளிக்கிழமைக்குள் துரைக்கு எழுதிக் கேட்க வேண்டும். அதுவும் இங்கிலீஷில். இல்லையென்றால் அது தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சரின் உதவியாளருக்கு.

“இதுல என்னங்க சார் தப்பு?” என்று பெரிய கிளாக்கர் பொன்னையாவிடம் கேட்டான். “நம்ம சம்சாரம்னுதானே சொல்றோம்? ‘நம்ம’ன்னா ‘அவர்’தானே?”

“தமிழ்ல நம்ம சம்சாரம்னு சொன்னா அது ஒனக்கு மட்டுந்தான். இங்கிலீஷ்ல சொன்னா ஒனக்கும் துரைக்கும் சேத்து.”

தம்பையா கடிதத்தைச் சட்டென்று மடித்தான்.

“ஒன்னோடதுக்கு ‘மை’ போடுய்யா. போ.”

தம்பையா எதையும் அரைகுறையாகச் செய்பவன் அல்ல. ஒரு தாளில் எண்ணிப் பார்த்தான். கடிதத்தில் பதினோரு ‘அவர்’ இருந்தது. பதினொன்றையும் அடித்து, பதினோரு ‘மை’ போட்டு, புதிதாக எழுதிக் கொடுத்தான்.

செவ்வாய்க்கிழமை பகலுக்குள் பொன்னையா அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“என்னய்யா எழுதித் தொலைச்ச? என் தோட்டம், என் ஸ்டோர், என் தொழிலாளர்னு! துரை என்னா கேட்டாரு தெரியுமா? தோட்டத்த கவர்மெண்டு எடுத்து நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள தம்பையா எடுத்துட்டானான்னு கேக்குறாரு.”

“நீங்கதானே சார் ‘மை’ போடச் சொன்னீங்க?”

“சம்சாரத்துக்குப் போடச் சொன்னேன்யா, ஸ்டோருக்கா? இன்னொரு கடிதாசி இப்படி வந்துச்சுன்னா வீடு மட்டுமில்ல, வேலையும் கெடையாதுன்னுட்டாரு.”

அன்று மத்தியானம் தம்பையா கடிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ‘மை’ எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்று யோசிக்க யோசிக்க, தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள உலகத்தில் என்ன இருக்கிறது என்பதே சந்தேகமாகிவிட்டது. காம்பரா தோட்டத்தினுடையது. நாற்காலி ஆபீஸினுடையது. போட்டிருந்த கோட்டு கூட மச்சானுடையது.

புதன்கிழமை பதுளையில், ஜவுளிக்கடை மாடியில் இங்கிலீஷ் மாலை வகுப்பு. மாஸ்டர் அன்று வரவில்லை. பக்கத்து பெஞ்சில் அதே ஜவுளிக்கடையில் வேலை செய்யும் ஷுக்ரி இருந்தான். கொழும்புக் கம்பெனிகளுக்கெல்லாம் இங்கிலீஷில் கடிதம் போடுகிறவன்.

ஷுக்ரி கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தான். “பெரியவங்களுக்கு எழுதுறப்ப என்னோடது, என்னோடதுன்னா மரியாத இல்லியே மச்சான்.”

“பின்ன என்னா போடுறது?”

“கடைசியில என்னா போட்டு முடிக்கிறீங்க?”

“‘யுவர் ஒபீடியன்ட் சேர்வன்ட்’.”

“பாத்தீங்களா! ஒங்களையே ‘யுவர்’னு குடுத்தாச்சு. மிச்சத்த வச்சு என்னா செய்யப் போறீங்க? எல்லாத்துக்கும் ‘யுவர்’ போடுங்க. மனுசன் குளுந்து போயிடுவாரு.”

இதில் ஒரு நியாயம் இருப்பதாகத் தம்பையாவுக்குப் பட்டது. உங்கள் தோட்டம், உங்கள் ஸ்டோர், உங்கள் தொழிலாளர். படிக்கவே பணிவாக இருந்தது. பதினோரு ‘மை’யையும் பதினோரு ‘யுவர்’ ஆக்கினான். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று இரண்டு தரம் எண்ணினான். வியாழக்கிழமை காலையில், பொன்னையா வருவதற்கு முன்பே, துரை பங்களாவுக்குப் போகும் தபால் பையில் போட்டுவிட்டான்.

அன்று பின்னேரம் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பாக்கியலெட்சுமி கேட்டாள். “இந்தத் தடவ சரியா எழுதிட்டீங்களா?”

“ரொம்ப மரியாதையா எழுதியிருக்கேன். எல்லாத்துக்கும் ‘யுவர்’.”

“‘யுவர்’னா?”

“உங்களோடன்னு அர்த்தம்.”

அவள் கூடையின் தலைக் கயிற்றைச் சுருட்டி வைத்தாள்.

“அப்ப என்னை யாரோட சம்சாரம்னு எழுதியிருக்கீங்க?”

தம்பையா நகலை எடுத்துப் படித்தான். மூன்றாம் பந்தி. ‘உங்கள் மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. பதினாலாம் நம்பர் லயத்தில் மிகவும் கஷ்டப்படுகிறாள். உங்கள் பிள்ளை பிறப்பதற்குள் ஒரு வீடு தந்து உதவ வேண்டும்.’

செருப்புக் கூடப் போடாமல் பங்களாவுக்கு ஓடினான். தபால் காலையிலேயே உள்ளே போய்விட்டது என்று காவற்காரர் சொன்னார். உள்ளே என்னமோ உடைகிற சத்தம் கேட்டது. தம்பையா திரும்பி வந்து ராஜினாமாக் கடிதம் எழுத உட்கார்ந்தான். ‘ஐ’ என்று தொடங்கினான். அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் பங்களாவில் வேலை செய்யும் ராசம்மா காம்பரா வாசலுக்கு வந்தாள். அவள் கையில் குவாட்டர்ஸ் சாவி இருந்தது.

தம்பையா கையை நீட்டினான். ராசம்மா கொடுக்கவில்லை. பாக்கியலெட்சுமியைப் பார்த்து, “நீங்க எந்திரிக்க வேணாம்மா, உக்காந்திருங்க,” என்று சொல்லி, சாவியை அவள் கையில் வைத்தாள். நேற்று வரை “ஏ பாக்கியம்” என்று கூப்பிட்டவள்.

தம்பையாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. “ஷுக்ரி சொன்னது சரிதான். துரை மனசு எளகிட்டாரு!”

“தொரை எங்கங்க எளகுனாரு?” என்றாள் ராசம்மா. “கடிதாசியப் பிரிச்சுப் படிச்சது தொரையோட சம்சாரம், தொரசாணியம்மா. தொரை தலையிலடிச்சு சத்தியம் பண்ணாரு, அவங்க கேக்கல. ‘என்னா இருந்தாலும் அவரோட புள்ள, லயத்துல பொறக்கக் கூடாது’ன்னு அவங்களே சாவிய எடுத்துக் குடுத்துட்டு, ரயிலேறிப் போயிட்டாங்க.”