அந்த அம்மா பேரில் ஒரு பொட்டலம்

பாலக்கரை,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் தாஹா அவர்களுக்கு, மெத்தைக்கடை நஜிமுதீன் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் எனக்கு முழங்கால் வலி, தங்கள் தங்கை ஷரபுன்னிசாவுக்குக் கோபம். மற்றபடி இருவரும் நலம். துபாய் வெயிலில் தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். போனில் பேசலாமென்றால் பாதியிலேயே அவள் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

தாங்கள் பார்த்துச் சொன்ன தோஹா மாப்பிள்ளை சர்ஃபராஸின் வீட்டார் போன ஞாயிறு நாலு மணிக்குப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் இருந்தது, பெண்தான் இல்லை. நம்ம மகள் சம்ரீன் காலையிலேயே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டாள். அங்கே ரத்தப் புற்றுநோய் செல்களை வளர்க்கிறாள் அல்லவா, அதுகளுக்கு ஞாயிறும் கிடையாது, பெருநாளும் கிடையாது, ரெண்டு நாளைக்கு ஒருதரம் சாப்பாடு மாற்றியாகணும். பெருநாளன்று பிரியாணி தம்மில் இருக்கும்போதே எழுந்து போனவள் அவள். அப்படி என்னம்மா வேலை என்று கேட்டால், அந்தச் செல் நிற்காமல் பெருகுதே, அதை எந்த ஜீன் விரட்டுது என்று பார்க்க, ஒவ்வொரு ஜீனாக வாயடைத்துப் பார்க்கிறாளாம். "நம்ம கடையில கரண்ட் போனா நசுருதீன் மாமா ஒவ்வொரு பியூஸா பிடுங்கிப் பார்ப்பாருல்ல அத்தா, அது மாதிரிதான்" என்கிறாள். எலக்ட்ரீஷியன் நசுருதீன் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீ கேட்பான். இவள் ரெண்டு வருஷமாகப் பிடுங்குகிறாள் மச்சான்! போதாததற்குப் பக்கத்துத் தட்டில் எதையும் அடக்காத ஒரு டம்மி மருந்து வேறு. ஒண்ணும் பண்ணாததுக்கு எதுக்கும்மா மருந்து என்றேன். "நாம கை வெச்சதால நின்னுச்சா, அந்த ஜீனை அடக்கினதால நின்னுச்சான்னு தெரிய வேணாமா?" என்றாள். வாயடைத்துப் போனது நான்தான்.

"பொண்ணு எங்கேங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா இர்பானா கேட்டார். எனக்குப் பதற்றத்தில் வாய் குழறும் என்று தங்களுக்குத் தெரியும். "ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு அம்மாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாஷா அல்லாஹ், என்ன மனசு! எந்த ஊருங்க அவங்க?"

"அமெரிக்கா."

"இப்ப எப்படி இருக்காங்க?"

"மவுத்தாகி அம்பது வருஷம் ஆச்சுங்க."

இர்பானா கடித்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். ஐம்பத்து மூணு வயசில் போன அம்மா, அவர் போயும் அவர் ரத்தத்தில் எடுத்த செல் போகாமல் ஊர் ஊராக லேப்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று நான் விளக்க விளக்க, அவர்கள் வாசல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்கள். அந்த நேரம் பார்த்து சம்ரீன் ஓடி வந்தாள். ஸலாம் கூடச் சொல்லாமல், "அத்தா, அடக்கின தட்டுல பெருகலை! டம்மி தட்டுல மட்டும் அப்படியே பெருகியிருக்கு!" என்று கத்தி, குறுக்கே நின்ற இர்பானாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஷரபுன்னிசா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படியும் அவர்கள் சம்மதம் சொல்லியனுப்பிவிட்டார்கள், தங்கமான மனுஷங்க. ஒரே நிபந்தனை, இந்த மாசத்தோடு லேப் வேலையை விட்டுவிட வேண்டும். இவளோ, இதே மாதிரி இன்னும் ரெண்டு தடவை வந்தால்தான் யாரும் நம்புவார்கள், ஆறு மாசம் ஆகும் என்கிறாள். எனக்கு இவளைப் பார்த்தால் பெருமையாகவும் இருக்கு, பயமாகவும் இருக்கு மச்சான். அறுபத்தொண்ணு ஆச்சு எனக்கு. ஆகவே தாங்கள் மாமா என்ற உரிமையில் அவளுக்குப் போன் போட்டு, போதும் நிறுத்து என்று சொல்லவும். நான் சொன்னால் சிரிக்கிறாள், தாங்கள் சொன்னால் கேட்பாள்.

தங்கள் ஆயுளுக்கும் பரக்கத்துக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கும்,
நஜிமுதீன்.

பின்குறிப்பு: இதை எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனேன். இன்று என் தங்கை ருக்ஸாரின் வருஷ பாத்திஹா. தங்கள் மனைவியின் நாளைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதே நோய் அவளைக் கொண்டுபோய் ஒன்பது வருஷம். ஷரபுன்னிசா நெய்ச்சோறு ஆக்கி, தர்கா வாசலில் கொடுக்கப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். வழக்கமாக நாற்பது கட்டுவாள். இன்று கூடுதலாக ஒன்று தனியாக இருந்தது. யாருக்கு என்றேன்.

"அந்த அமெரிக்கா அம்மா பேர்ல. நம்ம புள்ளைக்காக ரத்தம் கொடுத்துட்டுப் போயிருக்காங்க. இத்தனை வருஷத்துல அவங்க பேர்ல யாராவது ஒரு வாய் சோறு கொடுத்திருப்பாங்களா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான். நம்ம ருக்ஸாருக்கு எந்த பியூஸைப் பிடுங்கணும்னு அப்ப ஒருத்தருக்கும் தெரியலையே.

ஆகையால் சம்ரீனுக்குப் போன் போட வேண்டாம். தோஹாவுக்குப் போடுங்க. ஆறு மாசம் பொறுக்க முடிந்தால் பொறுக்கட்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்க்கட்டும். அந்தத் தனிப் பொட்டலத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிய பெரியவர், "யார் பேர்ல பாய்?" என்று கேட்டார்.

"பேரு தெரியலைங்க, எங்க சொந்தக்கார அம்மா" என்றேன்.