சகாயநாதன் சாராளைத் தூங்க வைத்த கதை

பகலில் தூங்குகிறவனை மனுஷக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது சகாயநாதனின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஓசூர் சிப்காட்டில் ராத்திரி முழுக்க ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் இப்படி ஒரு கொள்கை வைத்துக்கொண்டால், அப்புறம் எப்போதுதான் தூங்குவாராம்? அவர் கம்பெனி லாரிகள் விடிவதற்குள் பெங்களூருக்குள் நுழைந்தாக வேண்டும். அதனால் சரக்கு ஏற்றுகிற வேலை எப்போதும் ராத்திரியில்தான். விடிந்ததும் மனிதர் வீட்டுக்கு வருவார், இட்லி சாப்பிடுவார், கிளம்பிவிடுவார். தளியிலிருந்து வந்த கொத்தமல்லிக் கட்டு என்ன விலை என்று பார்க்க மார்க்கெட்டுக்கு. சூளகிரியில் யாரோ பழைய பைக் விற்கிறாராம், வாங்க இல்லை, சும்மா பார்த்துவிட்டு வர. மத்தியானம் நாற்காலியில் கொஞ்சம் தலை சாயும். அது தூக்கம் இல்லையாம், யோசனையாம்.

"ஊர்ச் சரக்கையெல்லாம் தூக்கறீங்க. உங்களுக்கு மட்டும் தூக்கம் வரமாட்டேங்குதே!" என்பாள் மனைவி சாராள்.

அந்த வருஷம் கம்பெனியில் குடும்பத்தோடு வரச் சொல்லி உடம்பு பரிசோதனை வைத்தார்கள். டாக்டர் மாதேஸ்வரி சகாயநாதனின் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினார். பார்த்தார். மறுபடியும் சுற்றினார். முகம் சரியில்லை.

"தினமும் எவ்வளவு நேரம் தூங்கறீங்க?"

"தேவையான அளவு, டாக்டர்."

"நாற்காலியில," என்றாள் சாராள்.

"தூங்கறப்பதாங்க பிரஷர் இறங்கும். இதயத்துக்கு அப்பதான் கொஞ்சம் ஓய்வு. நீங்க முழிச்சே இருந்தா அது பாவம், மூணு ஷிப்ட்டும் பாக்குது. எத்தன நாளைக்குப் பாக்கும்? மாத்திரை இப்ப வேண்டாம். மொதல்ல நல்லாத் தூங்குங்க. ரூம் இருட்டா இருக்கணும், செல்போன் வெளிய இருக்கணும், விடியக்கால டீய நிறுத்தணும். ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, பாக்கலாம்."

சகாயநாதன் பயபக்தியோடு தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் கம்பெனி கேட் வரைக்கும்தான் செல்லுபடியானது.

"வாங்க, படுங்க," என்றாள் சாராள் வீட்டுக்கு வந்ததும்.

"அப்பறம்."

"டாக்டர் என்ன சொன்னாங்க? படுங்கன்னா படுங்க."

"படு படுன்னு ஏம்மா என்னைப் படுத்தற? என் நெஞ்சு இரும்பு. இதுக்கெல்லாம் அசர்ற ஆளு நான் இல்ல."

"நீங்க அசரணும்னுதாங்க டாக்டரே சொல்றாங்க!"

அசரவில்லை. சாராள் பைக் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்துப் பார்த்தாள். மனிதர் பஸ் ஏறிக் குருபரப்பள்ளி போய் ரோட்டோரக் கடையில் மாம்பழம் வாங்கி வந்தார். கதவை வெளியே பூட்டிப் பார்த்தாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்து, திரும்ப மாட்டத் தெரியாமல், உதிரி பாகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். கோபித்தாள், கெஞ்சினாள், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தாள். உப்புக் குறைந்ததற்கு மட்டும் பலன் இருந்தது. மனிதர் ஓட்டலில் சாப்பிட ஆரம்பித்தார்.

அப்புறம் ஒரு நாள் காலை, மேல்வீட்டுக்காரர் திம்மப்பன் படியேறப் போனவர் நின்றார். வீட்டுக்குச் சொந்தக்காரரும் அவர்தான். வாயைத் திறந்தால் கன்னடமும் தமிழும் கைகோத்துக்கொண்டு வரும்.

"ஏனு சாராளம்மா, உங்க யஜமான்ரு சிக்னல்ல பைக் மேலயே கண்ண மூடிக்கிட்டு மலகிபிட்டாரு, அப்படியே தூக்கம். பச்சை விழுந்துச்சு, மறுபடி சிவப்பும் விழுந்துச்சு. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சதுக்கு அப்பறம்தான் முழிச்சாரு."

அன்றைக்கு சாராள் சண்டை போடவில்லை. அதைப் பார்த்தாவது மனிதர் உஷாராகியிருக்க வேண்டாமா? அப்பாடா என்று நிம்மதியாக இட்லி சாப்பிட்டார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது சாராள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கை. கண் இரண்டும் சிவந்திருந்தது.

"என்னாச்சு?"

"ராத்திரியெல்லாம் பொட்டுத் தூக்கமில்லீங்க. ரொம்ப நாளாவே இப்படித்தான். நீங்க பக்கத்துல இல்லைன்னா கண்ண மூட முடியல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது."

சகாயநாதனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இரும்பு நெஞ்செல்லாம் இவருக்குத்தானே. சாராளின் நெஞ்சு சாதாரண நெஞ்சல்லவா!

"தூங்காம இருந்தா இதயம் என்னத்துக்காவும்? டாக்டர் அன்னிக்குத் தலையில அடிச்சுக்காத குறையா சொன்னாங்களே, காதுல போட்டுக்கிட்டியா நீ?" என்று அவளையே அதட்டினார். அடுத்த நிமிஷமே அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "உனக்கு ஒண்ணுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்?"

அவ்வளவுதான், மனிதர் களத்தில் இறங்கினார். கம்பெனியிலிருந்து அட்டைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி வந்து ஜன்னலை அடைத்தார். தக்காளி வண்டிக்காரரைத் தெருமுனையிலேயே மறித்து ஒலிபெருக்கியை அணைக்க வைத்தார். மாடியில் எப்போதும் எதையாவது மாட்டச் சுவரைத் துளைத்துக்கொண்டிருக்கிற திம்மப்பனிடம் போய், "சாராளுக்கு ஒடம்பு சரியில்லீங்க, காலைல டிரில்லிங் மிஷின் ஓட்டாதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"எல்லாம் சரிங்க," என்றாள் சாராள். "நீங்க பக்கத்துல படுத்தாதான் எனக்குக் கண்ணு சொருகும்."

"படுத்தாப் போச்சு! நீ தூங்கற வரைக்கும்தானே?"

"உங்க செல்போன் வெளிச்சம் கண்ணக் குத்துதுங்க."

செல்போன் சமையலறைக்குப் போனது.

"உங்ககிட்ட டீ வாசம் வருது. அது வந்தா எனக்குத் தூக்கம் ஓடிப்போகுது."

விடியற்காலை டீயை விட்டார். சக தொழிலாளிகள் கேட்டதற்கு, "வீட்ல ஆவாது," என்று பெருமூச்சு விட்டார்.

"அப்பறம் இன்னொண்ணு," சாராள் தயங்கினாள். "உங்க ஜெபமாலை சொல்றீங்களா? அதக் கேட்டா மனசுக்கு இதமா இருக்கும்."

சகாயநாதன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இவர் பரம்பரைக் கத்தோலிக்கர். சாராள் பிராட்டஸ்டன்ட் வீட்டுப் பெண். கல்யாணமான நாளிலிருந்து தினம் சாயங்காலம் இவர் ஐம்பத்து மூன்று மணி ஜெபத்துக்கு உட்காருவார். அவள் அடுப்படியிலேயே நிற்பாள். "ஒரே ஜெபத்த அம்பத்து மூணு தடவ சொன்னாத்தான் ஆண்டவருக்குக் கேக்குமாங்க?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். அது மனிதருக்கு இன்றைக்கும் ஆறாத ரணம். அந்த சாராள், தானாக, வாய் திறந்து, ஜெபமாலை கேட்கிறாள்!

ஜெபமாலையை எடுத்தார். இருட்டில் மல்லாந்து படுத்து, மணியை உருட்டியபடி, தாலாட்டுகிற குரலில் அருள் நிறைந்த மந்திரத்தை ஆரம்பித்தார். கண் விழித்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. பக்கத்தில் சாராள், தலை கலைந்து, கொட்டாவி விட்டுக்கொண்டு கிடந்தாள்.

"நல்லாத் தூங்குனியா?"

"சொர்க்கங்க. நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தூங்கிட்டேன்."

எப்போது சொல்லி முடித்தோம் என்று இவருக்கு ஞாபகமில்லை. முடித்திருப்போம் என்று நம்பினார். அன்றிலிருந்து தினமும் அதே வைத்தியம். பார்க்கிறவர்களிடமெல்லாம், "தூக்கம் வராதவங்களுக்கு என்கிட்ட வாங்க," என்று மார்தட்டினார். இவருடைய கண் தெளிந்து, முகத்தில் களை வந்து, படியேறினால் மூச்சு வாங்காமல் இருந்ததைக்கூட, ஜெபமாலை சொல்கிறவருக்கு ஆண்டவர் தருகிற கமிஷன் என்றே எடுத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மாதேஸ்வரி பட்டையைச் சுற்றிப் பார்த்துச் சிரித்தார். "அருமைங்க! பிரஷர் நல்லா இறங்கியிருக்குது."

"என்னை விடுங்க டாக்டர். சாராளப் பாருங்க. பேஷன்ட் அவதான்."

டாக்டர் அவளையும் பார்த்தார். "இவங்களுக்கு என்னங்க? அன்னிக்கும் நல்லாத்தான் இருந்தது, இன்னிக்கும் நல்லா இருக்குது."

"பாத்தியா, பழைய மாதிரியே ஆயிட்ட!" என்றார் சகாயநாதன். சாராள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தோடு திம்மப்பனிடம் போனார். "சாராள் நெஞ்சு சரியாயிடுச்சுங்க. இனிமே டிரில்லிங் மிஷின் ஓட்டலாம்."

"ஓட்டறது இருக்கட்டும் மாராயா," என்றார் திம்மப்பன். "மொதல்ல டீவிக்குச் சத்தம் வெக்கச் சொல்லுங்க. டெய்லி நீங்க படுத்தப்பறம் சாராளம்மா மேல வந்து எங்க வீட்டம்மா முனிலட்சுமி கூட உக்காந்து சீரியல் பாக்கறாங்க. உங்களுக்குத் தூக்கம் கெடுமாம், சத்தமே வெக்கறதில்ல. ரெண்டு மாசமா அந்த மாமியார் எதுக்கு அழுவுதுன்னே எனக்குத் தெரியல!"

சகாயநாதனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் தோல்வியை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லையே. மறுநாள் காலை கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தார். படுத்தார், ஜெபத்தை ஆரம்பித்தார், தூங்குகிறாற்போல நடிக்கப் பொய்க் குறட்டை ஒன்று விட்டார். இரண்டாவது குறட்டை நிஜமாகிவிட்டது.

"மொதக் குறட்டையிலயே தெரிஞ்சுபோச்சுங்க. உளவு பாத்தது போதும், எந்திரிங்க. சாப்பாடு ஆறுது," என்று மத்தியானம் சாராள்தான் எழுப்பினாள்.

"ரெண்டு மாசம்! எல்லாம் பொய்யா?"

சாராள் கட்டிலில் உட்கார்ந்தாள். சிரிப்பு மெல்ல மறைந்தது. "படபடப்பு மட்டும் நெசங்க. சிக்னல்ல நீங்க தூங்குனதத் திம்மப்பன் சொன்னாரே, அன்னிலேருந்து. காலைல உங்க பைக் சத்தம் கேக்கற வரைக்கும் எனக்கு உசிரே இருக்காது. உங்களுக்காகத் தூங்குங்கன்னு சொன்னா நீங்க கேக்கல. எனக்காகன்னா எதையும் செய்வீங்கன்னு தெரியும். அதான் செஞ்சேன்."

சகாயநாதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கோத்தது. துடைத்துவிட்டு, தொண்டையைச் செருமினார். ஒரே ஒரு ஆசை பாக்கியிருந்தது.

"போவட்டும். என் ஜெபத்த ஒரு தடவயாவது முழுசாக் கேட்டியா? அதச் சொல்லு."

"எட்டாவது மணியத் தாண்டி ஒரு நாளாவது நீங்க முழிச்சிருந்தாத்தானே கேக்கறதுக்கு? பாதியில விட்ட ஜெபத்த நம்பி உங்க நெஞ்ச விட்டுட்டுப் போக முடியுங்களா? மிச்ச மணியெல்லாம் நானே சொல்லி முடிச்சுட்டுத்தான் தினமும் மாடிக்குப் போனேன்."