சித்தரும் மூன்று கவர் முடியும்

பூனையின் ஏழு தலைமுறைப் பாவத்தை ஒரே முடியில் படிக்கும் ஞானி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் சேரப்பணஞ்சேரியில், பஞ்சர் கடை மாடியில் வாடகைக்கு இருந்தார்.

பெயர் வம்சசித்தர் சங்கரநாராயணன். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரகடம் கம்பெனி ஆட்கள் பெர்சியன் பூனையும் கையுமாகப் படிக்கட்டில் வரிசை கட்டுவார்கள். பூனை முடி வைத்த கவருக்கு மேலே சித்தர் ருத்ராட்சத்தை நூலில் தொங்கவிடுவார். வலமாகச் சுற்றினால் சுத்த வம்சம். இடமாகச் சுற்றினால் தோஷம். பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம். ருத்ராட்சத்துக்கும் தேய்மானம் உண்டல்லவா?

முதல் சீடன் விஜயராகவன். வீட்டுப் பூனை பால்கோவாவைச் சித்தரின் கடுவன் பூனை சுல்தானோடு இணை சேர்க்க நாள் குறித்துவிட்டான். மனைவி உமாதேவிதான் மறித்தாள். சுல்தானுக்குப் பிறந்த பூனை ஒன்று, சிறுநீரகம் முழுக்கக் கட்டி வந்து, பக்கத்து வீட்டுப் பெண் ஜெர்சியின் மடியிலேயே செத்திருந்தது.

“கன்னத்து உள்ள பஞ்சு வச்சித் தொடச்சி லேபுக்கு அனுப்புனா, ஜீன்ல இன்னா கீதுன்னு தெரிஞ்சிடும்யா. கடுவனுக்கு அந்த நோவு இருந்தா, பாதி குட்டிங்களுக்கு வந்துடும்.”

“சாமிய சந்தேகப்படாதடி. வாய் வெந்துடும்.”

உமாதேவிக்குக் கம்பெனியில் தரச்சோதனை வேலை. அங்கே அளக்கிறவரையும் அளப்பார்கள்: ஒரே பாகத்தை வேறு நம்பர் ஒட்டி, சொல்லாமல் மறுபடி கொடுப்பார்கள்.

மறு ஞாயிறு அவள் மூன்று கவர்களை நீட்டினாள்.

“இது ராணி, சாமி.”

வலம். “தங்கமான வம்சம்மா!”

“இது மோகினி.”

இடம். “ஏழு தலைமுறை தோஷம்!”

“இது கருப்பன்.”

ருத்ராட்சம் பேயாட்டம் ஆடியது. “ஐயையோ! இந்த வம்சம் தொடரவே கூடாது. இன்னைக்கே கருத்தடை பண்ணிடு!”

விஜயராகவன் பயத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

“ராணியும் மோகினியும் ஒரே பூன, சாமி. எங்க வூட்டு பால்கோவா.”

படிக்கட்டில் நின்ற ஜெர்சி முன்னால் வந்தாள். “அப்போ எம் பூன ஏன் செத்துச்சி?”

“அது... கிரகம்.”

“கிரகமா? மழுப்பாத. சுல்தான் வாயத் தொற, நான் தொடைக்கிறேன்.”

லேப் முடிவு வந்தது. பால்கோவாவுக்கு ஒன்றுமில்லை, சுல்தானுக்கு அந்த நோய் ஜீன் இருந்தது. இணை சேர்ப்பு நின்றது. சித்தர் இப்போது தண்டலம் பக்கம் நாய்களுக்குப் பார்க்கிறாராம். நாயோடு போகிறவர்கள் மூளையையும் கூடவே கூட்டிப் போகவும்.

விஜயராகவன் ஒருநாள் மெதுவாகக் கேட்டான்: “ஆமா, அந்தக் கருப்பன் யாரு வூட்டுப் பூன?”

அந்தக் கவரில் இருந்தது, அவனுடைய சீப்பிலிருந்து உமாதேவி எடுத்த முடி.